இ-சக்-கி-யம்-மாள்: ஒரு ஸ்பானிஷ் பாடம்

மீட்டிங் ரூமில் ஏ.சி. பல்லைக் கிட்டவைத்தது. நாங்கள் லைனிலிருந்து நேராக வந்திருந்தோம். நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் இருந்த பெரிய திரையில் மெக்சிகோவிலிருந்து எங்களை நேர்காணல் செய்யும் தெரஸா என்கிற அம்மா தெரிந்தார். கழுத்தளவு நரைமுடி, காதில் பெரிய வளையம், கையில் காபி. எங்களுக்குச் சாயங்காலம், அவருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது.

"கோமோ தே யாமாஸ்?" என்று கேட்டார். உன் பெயர் என்ன?

கேள்வி எனக்கில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளுக்கு.

"மே யாமோ..." என்று ஆரம்பித்தாள். என் பெயர் என்பது வரைக்கும் வந்துவிட்டது. அதற்கப்புறம், "இ... இ... இ..."

இசக்கிக்குத் திக்குவாய். மற்றச் சொல்லெல்லாம் திக்கித் திக்கியாவது வந்துவிடும், சொந்தப் பெயர் மட்டும் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அவள் முகம் சிவந்துவிட்டது. எங்கள் ஹெச்.ஆர். பிரபாகர் சார் பொறுக்கமுடியாமல் நாற்காலியை முன்னால் இழுத்து, "ஹெர் நேம் இஸ்..." என்று திரையைப் பார்த்து ஆரம்பித்தார்.

"சார், இருங்க சார்" என்றேன் நான்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பார்க்கத்தான் செய்வார். எங்கள் இரண்டு பேரில் ஒருத்திதான் மெக்சிகோ போகமுடியும். இசக்கிக்கு வாய் திறக்காவிட்டால் அந்த இடம் எனக்கு. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த நாற்காலிகளில் நாங்கள் எப்படி வந்து உட்கார்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சமோசாவுக்கு வந்த கூட்டம்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனி. ஹார்ன், லைட்டு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் காருக்குள்ளே நரம்பு மாதிரி வயர் ஓடுகிறது அல்லவா, அதையெல்லாம் பலகையில் வரிசையாகப் படுக்கவைத்து டேப் சுற்றி ஒரே கட்டாக்கி அனுப்புவோம். எல்லாம் கைவேலை. வயர் வளைந்து நெளியும் என்பதால் மிஷினுக்கு அது பிடிபடவில்லை. அதனால் லைன் முழுக்கப் பெண்கள்.

என் புருஷனைப் பற்றிப் போன வாரங்களில் எழுதியதற்கே வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இந்த வாரம் அவரை ஸ்டியரிங்கை விட்டு இறக்கப்போவதில்லை.

ஒருநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மெக்சிகோவில் எங்கள் கம்பெனி புது பிளான்ட் திறக்கிறது. அங்கே சேரும் பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க இங்கிருந்து மூன்று இன்ஜினியர்களும் லைனிலிருந்து ஒரு பெண்ணும் ஆறு மாதத்துக்குப் போகவேண்டும். விருப்பம் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஸ்பானிஷ் வகுப்பில் சேரலாம்.

முதல் வகுப்புக்கு டிரெயினிங் ரூமில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் வகுப்பில் கொடுக்கும் சமோசாவுக்கு வந்தவர்கள். நான் மெக்சிகோவுக்கு வந்தவள். வாலாஜாபாத் பக்கம் பிறந்து, வாலாஜாபாத் பக்கமே கல்யாணமாகி, ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுவதற்குள் என் உலகம் முடிந்துவிடும். விமானத்தைத் தலைக்கு மேலே போகும்போது மட்டும் பார்த்திருக்கிறேன்.

கடைசி வரிசையில் இசக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்.

"நீ எங்கடி இங்க?"

"எழுத்துப் பரீட்சைதான் இருக்கும்னு நெனச்சு வந்துட்டேன்கா" என்றாள். "பே... பேசணும்னு சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேன்லா."

இட்லி வரும், தோசை வராது

இசக்கிக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்தாள். எங்கள் லைனில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வயர் நுனியில் டெர்மினல் என்கிற சின்ன உலோகத் துண்டை அழுத்திப் பொருத்தவேண்டும். முடி அளவு தள்ளினாலும் ரிஜெக்ட். இசக்கி பொருத்தியது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவளை லீடராக்கவில்லை. "லீடர்னா காலைல மீட்டிங்ல நின்னு பேசணும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் லீடரானாள். இசக்கி அதற்கு லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

கேண்டீனில் அவள் தினமும் இட்லிதான் சாப்பிடுவாள். ரொம்ப நாள் கழித்து ஒருநாள் கேட்டேன், "இன்னாடி, இந்த இட்லி உனக்கு அலுக்கவே அலுக்காதா?"

"எனக்கு இட்லி புடிக்கவே புடிக்காதுக்கா. தோசைதான் உசுரு. ஆனா கவுண்டர்ல நின்னா அந்த 'தோ' வராது. பின்னால எல்லாரும் நிப்பாவ. இட்லி வந்துரும்."

"ரெண்டும் பேருதானே?"

"அதான் எனக்கும் வெளங்கல. இட்லி வருது, இ... இசக்கி வரமாட்டேங்கு."

அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் எரிந்தது.

கை தட்டினால் ஸ்பானிஷ்

சொல்லிக்கொடுக்க வந்த நித்யா மிஸ் என்னைவிடச் சின்னவர். பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். செம்பரம்பாக்கம் ஏரிக் காற்றில் பின்னலிலிருந்து பிரிந்த முடி நாலு திசையிலும் நிற்க, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே பாடத்தை ஆரம்பித்துவிடுவார்.

முதல் நாள் போர்டில் 'காஸா' என்று எழுதினார். வீடு என்று அர்த்தம்.

"எல்லாரும் கை தட்டுங்க. ஒரு தட்டுக்கு ஒரு துண்டு. கா! ஸா!"

இரண்டு தட்டு. 'மானோ' என்றால் கை. மா! நோ! இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒரே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வருகிற உயிரோடு போய்விடும் என்றார். இரண்டு மெய் வந்தால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும். கதவுக்குப் 'புவெர்தா'. புவெர்! தா!

கடைசி வரிசையிலிருந்து மெதுவாக ஒரு குரல்: "கா, ஸா. நேர் நேர் தேமா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இசக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"அசை பிரிக்கது மிஸ். ப... பள்ளிக்கூடத்துல செய்யுளுக்குப் பிரிப்போம்லா."

மிஸ் பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவராம். "அடடே, எனக்கு இது தெரியவே தெரியாதே, சொல்லுங்க சொல்லுங்க" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அந்த வகுப்பு பாதி நேரம் தமிழ் இலக்கண வகுப்பாகப் போயிற்று. இரண்டும் அச்சு அசலாக ஒன்றில்லை என்றாலும், சொல்லை உடைத்துப் பார்ப்பது எங்களுக்குப் புதிது இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்தது.

தகராறு 'காப்ளே'யில் வந்தது. கேபிள் வயர்தான், ஸ்பானிஷில் காப்ளே. நான் காப்! ளே! என்று தட்டினேன். மிஸ் தப்பு என்றார். கா! ப்ளே!

"நீங்கதான மிஸ் ரெண்டு மெய் வந்தா ஆளுக்கு ஒண்ணுனு சொன்னீங்க?"

"'ல'வும் 'ர'வும் ரெண்டாவதா வந்தா சில எழுத்து அதை விடவே விடாது தேவகி. ஒட்டிக்கும். ப்ள, ப்ர, த்ர, க்ர..."

"கல்யாணமான புதுசு மாதிரின்னு சொல்லுங்க" என்றான் மெயின்டனன்ஸ் நாகராஜ். ஓசூர்க்காரன். இன்ஜினியர்களில் மெக்சிகோ போவது நிச்சயமான ஒருத்தன் அவன்தான்; எனவே அவனுக்குப் பயமே இல்லாமல் பேச்சு வரும்.

முடிவு, முடிக்கிறேன், முடித்தான்

இன்னொரு ஞாயிறு மிஸ் ஒரே சொல்லை மூன்று தரம் எழுதினார். தெர்-மி-நோ.

முதல் துண்டை அழுத்தினால் 'முடிவு'. நடுத் துண்டை அழுத்தினால் 'நான் முடிக்கிறேன்'. கடைசித் துண்டை அழுத்தினால் 'அவன் முடித்தான்'.

அன்றைக்கு டிரெயினிங் ரூமில் மேஜை உடையாததுதான் பாக்கி. எங்கே ஓங்கித் தட்டுவது என்று புரியாமல் ஆளாளுக்கு ஒரு பக்கம் தட்டினோம். "சூப்பர்வைசர் தட்டினா 'அவன் முடிச்சான்', நாம தட்டினா இன்னிக்கும் ஓவர்டைம்" என்று யாரோ சொல்ல, வெளியே இருந்த செக்யூரிட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் மிஸ் இன்னொரு கதவைத் திறந்தார். ஸ்பானிஷுக்குத் தாய் லத்தீன். அந்த லத்தீனில் 'தெர்மினுஸ்' என்றால் எல்லை, எல்லையில் நடும் கல். அதிலிருந்துதான் இந்த முடிவும் முடிப்பதும். நாம் நாளெல்லாம் வயர் நுனியில் வைத்து அழுத்துகிறோமே டெர்மினல், அதுவும் அங்கிருந்து வந்ததுதான். வயர் முடியும் இடம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அந்தச் சொல் என் வாயில் இருக்கிறது. கம்பெனி வைத்த பெயர் என்றே நினைத்திருந்தேன்.

மதியம் அப்பாவுக்கு போன் போட்டேன். அப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் எல்லைக்கல் ஒரு முழம் தள்ளி நட்டதில் நான் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்போ இத்தினி வருசமா கம்பெனில நீ எல்லைக்கல்லுதான் நட்டுகினு கீறியா?"

"ஆமாம்பா."

"நேரா நட்றியா?"

"முடி தள்ளினாலும் ரிஜெக்ட்டுப்பா."

"அந்த ஆளை ஒரு மாசம் உன் கம்பெனிக்கு அனுப்பணும்" என்று சொல்லி போனை வைத்தார்.

அதற்கப்புறம் எனக்கு வேர் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆசிரியைக்கு ஸ்பானிஷில் 'மாஏஸ்த்ரா'. மா, ஏஸ், த்ரா. அதன் லத்தீன் வேருக்கு 'பெரிய' என்று அர்த்தமாம். மந்திரிக்கு 'மினிஸ்த்ரோ', அதன் வேரில் இருப்பது 'சின்ன', அதாவது ஏவல் செய்கிறவன். டீச்சர் பெரியவர், மந்திரி சின்னவர். அன்று முழுக்க நித்யா மிஸ்ஸுக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தோம்.

நாகராஜும் ஒரு தரம் அசத்தினான். லத்தீனில் 'ஃப' என்று ஆரம்பித்த பல சொற்கள் ஸ்பானிஷில் 'ஹ' ஆகி, அந்த ஹவும் பேச்சில் காணாமல் போய்விட்டது என்று மிஸ் சொல்லிக்கொண்டிருந்தார். இரும்பு லத்தீனில் 'ஃபெர்ரும்'. அதிலிருந்து வந்த கொல்லன் ஸ்பானிஷில் 'எர்ரேரோ'. எழுதும்போது மட்டும் முன்னால் ஒரு ஹ நிற்கும்.

"மிஸ், எங்க ஊர்ல பக்கத்து வீட்லயே இது நடக்குது" என்றான் நாகராஜ். "தமிழ்ல பால், கன்னடத்துல ஹாலு. பத்து, ஹத்து. பல்லு, ஹல்லு. பூ, ஹூவு."

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். ஒரே கைதட்டல், அதற்குத் துண்டு கணக்கெல்லாம் இல்லை.

அவள் திக்கவில்லை

சமோசாக் கூட்டம் சில வாரங்களிலேயே கரைந்துவிட்டது. கடைசியில் லைன் பெண்களில் மிஞ்சியது நானும் இசக்கியும்தான்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தோம். இசக்கி போகிற வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். கதவு, லாரி, மரம், வேலை செய்யும் பெண். விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தன. த்ரா-பா-ஹா-தோ-ரா. எனக்குத் திடீரென்று உறைத்தது. நின்றுவிட்டேன்.

"இசக்கி, நீ திக்கவே இல்லியே!"

அவளும் நின்றாள். "இங்கிலீஷ்ல திக்கும். தமிழ்ல திக்கும். இதுல மட்டும் ஏன்னு தெ... தெரியலக்கா."

மிஸ்ஸிடம் கேட்டோம். துண்டு துண்டாக, தாளத்தோடு பேசினால் சிலருக்குத் திக்குவது குறையும் என்று எங்கோ படித்ததாகச் சொன்னார். "ஆனா நான் டாக்டர் இல்ல இசக்கி. வருதுன்னா சந்தோஷம். வரலைன்னாலும் நீங்க பேசுங்க."

மறுநாள் இசக்கி கேண்டீன் கவுண்டரில் பரீட்சை செய்து பார்த்தாள். மேடையில் விரலால் தட்டி, "தோ, சை" என்றாள். கணீரென்று வந்தது. கவுண்டர் அண்ணன் இரண்டு தட்டு சத்தம் கேட்டு, தட்டில் இரண்டு தோசை வைத்துவிட்டார். இரண்டையும் சாப்பிட்டாள். ஆனால் தமிழில் அப்படிப் பேச அவளுக்குப் பிடிக்கவில்லை. "மிஷின் பேசுத மாதிரி இருக்குக்கா. எங்கம்மாட்ட இப்படிப் பேசினா பயந்துருவா."

திரைக்கு முன்னால்

இப்போது மீட்டிங் ரூமுக்கு வாருங்கள். "சார், இருங்க சார்" என்று நான் சொல்லி, பிரபாகர் சார் வாயை மூடிக்கொண்டார்.

ஏன் சொன்னேன் என்று அவர் பிற்பாடு கேட்டார். பெரிய காரணமெல்லாம் இல்லை. அவள் பெயரை அவளுக்கு முன்னால் வேறு யாராவது சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று லைனில் தினமும் பார்த்திருக்கிறேன்.

திரையில் தெரஸா காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் மேஜைமேல் மடக்கிக்கொண்டு காத்திருந்தார். அவசரமே இல்லை அவர் முகத்தில். மூலையில் உட்கார்ந்திருந்த நித்யா மிஸ் துப்பட்டா நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

இசக்கி ஒரு மூச்சு விட்டாள். வலது கை தொடைக்குப் போனது.

"மே. யா-மோ. இ-சக்-கி-யம்-மாள்."

ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக மேஜைமேல் வைத்த மாதிரி வந்தது.

தெரஸா திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ல என்று முடிந்தால் கடைசித் துண்டை அழுத்தவேண்டும் என்பது அவர்கள் மொழி வழக்கம். அதனால் 'இசாக்கியா' வரைக்கும் ஓடிப்போய் 'மல்' என்று ஓங்கி முடித்தார். முடித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்பானிஷில் மல் என்றால் மோசம். மன்னிப்புக் கேட்கப்போனார்.

இசக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மல், நோ" என்றாள். "பியென்."

மோசம் இல்லை, நல்லது.

தெரஸா சிரித்த சிரிப்பில் கோப்பை சாய்ந்து காபி அவர் மேஜையெல்லாம் ஓடியது. அவர் துடைக்கிறார், சிரிக்கிறார், மறுபடி துடைக்கிறார். பிரபாகர் சாருக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் சிரித்தார்.

அதற்கப்புறம் இசக்கியை நிறுத்தமுடியவில்லை. புதுப் பெண்ணுக்கு வேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டதற்கு, கையில் ஒரு வயரை எடுத்துக்கொண்டு, ப்ரீ-மே-ரோ, முதலில், கா-ப்ளே என்று ஆரம்பித்து, டெர்மினலை எங்கே வைப்பது, எங்கே பார்ப்பது, எது தப்பு என்று தட்டித் தட்டிச் சொல்லிமுடித்தாள்.

அடுத்தது நான். நான் மடமடவென்று பேசினேன். நன்றாகவே போயிற்று. நடுவில் தெரஸா ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் என்னென்ன 'எர்ராமியென்தாஸ்' பயன்படுத்துகிறீர்கள்?

அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. வகுப்பிலும் வரவில்லை. துண்டாக்கிப் பார்த்தேன். எ, ர்ரா, மியென், தாஸ். எர்ரா... எர்ரேரோ, கொல்லன். காணாமல் போன ஹ, அதற்குப் பின்னால் ஃபெர்ரும், இரும்பு. இரும்பில் என்ன பயன்படுத்துகிறீர்கள் என்றால்? கருவி! கட்டர், பிளையர், டெர்மினலை அழுத்தும் கிரிம்பிங் மிஷின் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தெரஸா தலையாட்டினார். மூலையிலிருந்து மிஸ் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார்.

வெளியே வந்ததும் நானும் இசக்கியும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தோம். யாருக்குக் கிடைக்கும் என்ற நினைப்பே அந்த நிமிஷம் இல்லை.

யாருக்கு?

அந்த நினைப்பு மறுநாள் வந்தது. அடுத்த வாரம் முழுக்க இருந்தது. ஆறாவது படிக்கும் என் மகள் உலக வரைபடத்தில் மெக்சிகோவுக்கு மஞ்சள் கலர் அடித்துவைத்திருந்தாள்.

பிரபாகர் சார் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க ரொம்ப நல்லா பேசினீங்களாம் தேவகி. ஆனா வேகம் ஜாஸ்தியாம். இசக்கி நிறுத்தி நிறுத்திச் சொல்றதால, நேத்து சேர்ந்த பொண்ணுக்குக்கூடப் புரியும்னு அந்தம்மா எழுதியிருக்காங்க."

சரி சார் என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். கஷ்டமாக இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை சொல்.

இசக்கி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"நான் போகலக்கா. நீங்க போங்க. நான் சார்ட்ட சொல்லுதேன்."

"இன்னாது?"

"உங்க பாப்பா மெக்சிகோ மெக்சிகோன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான்... நான் வேணும்னு நெனச்சே வரலக்கா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனுக்கு இன்னா, தானம் குடுக்குறியா? அந்தம்மா உன் வாயைக் கேட்டுத்தான் உன்ன எடுத்துக்கீது. உன் வாய்க்கு வந்தத எனக்குத் தூக்கிக் குடுக்க நீ யாருடி? போய் பாஸ்போர்ட் வேலயப் பாரு."

அவள் அழுதாள். நானும் அழுதேன். உள்ளே போக வந்த யாரோ ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பாத்ரூமுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸிலிருந்து இறங்கியபிறகு, ஸ்டியரிங்கை விட்டு இறக்கமாட்டேன் என்று சொன்ன என் புருஷன், ஸ்டியரிங்கில் இருந்தபடியே சொன்னார்: "ஆறு மாசம் நானே சமைக்கணுமேனு குக்கர் வெக்க கத்துகினு இருந்தேன். வேஸ்டா பூடுச்சு."

"கத்துகினது வேஸ்ட் ஆவாது" என்றேன். அன்று ராத்திரி சாதம் அவர்தான் வைத்தார். குழைந்துபோயிற்று, சாப்பிட்டோம்.

ஸ்பானிஷிலும் திக்குது

இசக்கி போய் இரண்டு மாதம் போல இருக்கும். நான் இங்கே சும்மா இல்லை. இரண்டு பிளான்ட்டுக்கும் நடுவில் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவார்கள். அதில் ஸ்பானிஷ் தெரிந்த ஆள் என்று என்னை உட்காரவைத்திருந்தார்கள். இன்ஜினியர்கள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். அது நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் இசக்கி போன் செய்தாள். குரலில் ஏதோ துள்ளல்.

"அக்கா, ஒரு விசயம். எனக்கு ஸ்பானிஷ்லயும் தி... திக்க ஆரம்பிச்சிட்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யய்யோ, இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. முன்னால ஒவ்வொரு துண்டா எண்ணிப் பேசுவேம்லா? இப்ப எண்ணவே தோண மாட்டேங்கு. கோவம் வந்தா ஸ்பானிஷ்ல திட்டுதேன். கனவுலகூட அதுதான். அதான் திக்கும் வந்துட்டு. நெசமாவே பேசுதேன்னு அர்த்தம்லா?"

அப்படியும் ஒருத்தி சந்தோஷப்பட முடியுமா என்று இருந்தது எனக்கு. ஆனாலும் உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. அங்கே என்ன சொல்வார்களோ, திருப்பி அனுப்பிவிடுவார்களோ.

அந்த வார வீடியோ மீட்டிங்குக்கு நான் கொஞ்சம் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். அங்கே யாரோ கேமராவை லைன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். காலை மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் இசக்கி. அதே நீலக் கோட்டு, தலையில் இரண்டு பின்னல்.

பாதுகாப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவள், 'செகுரிதாத்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டாள். "செ... செ... செ..."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் கொட்டாவி விட்டாள். ஒருத்தி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். தெரஸா ஓரமாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கவேண்டிய சொல்லை எடுத்துச் சொல்ல ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. மழை விட்டதும் கிளம்பலாம் என்று நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

சொல் வந்தது. அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

மீட்டிங் முடிந்து திரும்பியபோது திரையில் என்னைப் பார்த்துவிட்டாள். வரிசையைப் பார்த்து என்னவோ சொல்லிக் கையைக் காட்டினாள். அத்தனை பெண்களும் கேமராவைப் பார்த்துத் திரும்பி, ஒரே குரலில், கொஞ்சம் கோணலாக, தமிழில் கத்தினார்கள்:

"தேவகிக்கா, சாப்தீங்களா?"

நான் அன்று மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையையும் ஆட்டி, "சாப்டேன், சாப்டேன்" என்று கத்தினேன்.